பழைய வீடும் கல்நார்க் கூரையும்: வாங்கும் முன்பும் பழுதுபார்க்கும் முன்பும் அறிய வேண்டியவை

பழைய வீடு ஒன்றை விலைக்கு வாங்க முனைவோர் மூலப் பத்திரத்தைப் பார்க்கின்றனர். வில்லங்கச் சான்று எடுக்கின்றனர். சுவரின் விரிசலையும் கிணற்றின் நீரையும் சோதிக்கின்றனர். மாடியறையின் மேலும் பின்கட்டுக் கொட்டகையின் மேலும் கிடக்கும் சாம்பல் நிற அலைத் தகடுகளைப் பற்றி விசாரிப்போர் மிகச் சிலரே.

பேச்சு வழக்கில் நாம் 'ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்' என்று சொல்லும் அத்தகடுகளைக் குறித்து, நுரையீரல் நோய்ப் பிரிவுக்கு வரும் குடும்பத்தினர் பெரும்பாலும் இரண்டு கேள்விகளைக் கேட்கின்றனர். "இருபது ஆண்டுகளாக இந்தக் கூரையின் கீழ்தான் இருக்கிறோம், எங்களுக்குப் புற்றுநோய் வருமா, டாக்டர்?" என்பது ஒன்று. "வாங்கப்போகும் வீட்டில் இந்தக் கூரை இருக்கிறது, ஆள் வைத்து உடைத்துப் போட்டுவிடலாமா?" என்பது மற்றொன்று. முதற் கேள்வியில் தேவைக்கு மிஞ்சிய அச்சம் இருக்கிறது. இரண்டாம் கேள்வியில் தேவையான அச்சம் இல்லை. இவ்விரண்டுக்கும் உரிய விடையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கல்நார் என்பது என்ன?

கல்நார் நிலத்திலிருந்து வெட்டியெடுக்கப்படும் கனிமம். பாறையாக இருந்தும் பஞ்சைப்போல நார் நாராகப் பிரிவதால் தமிழில் அதற்கு இப்பெயர் அமைந்தது. அது தீயில் எரியாது, வெப்பத்தைக் கடத்தாது, இழுத்தால் எளிதில் அறாது, விலையும் குறைவு. ஆகவே 20ஆம் நூற்றாண்டில் கொதிகலன் உறை, கப்பலின் உட்சுவர், வாகனங்களின் பிரேக் பட்டை, குடிநீர்க் குழாய், கூரைத் தகடு என எண்ணற்ற பொருள்களில் அது இடம்பெற்றது.

வணிகத்தில் பெரிதும் பயன்பட்டவை வெண்கல்நார், பழுப்புக் கல்நார், நீலக்கல்நார் ஆகிய மூன்று. நம் நாட்டுக் கூரைத் தகடுகளில் இன்று சேர்வது 'கிரைசோடைல்' எனப்படும் வெண்கல்நார். தகட்டின் எடையில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு நாரும், எஞ்சிய பகுதியில் பெரும்பாலும் சிமெண்டும் நிலக்கரிச் சாம்பலும் இருக்கும். வெண்கல்நார் தீங்கற்றது என்று சிலர் கூறக் கேட்டிருப்பீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, வெண்கல்நார் உட்பட எல்லா வகைக் கல்நாரையும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று உறுதி செய்து, முதல் தொகுதியில் வைத்துள்ளது.

பிரிட்டன் 1999இலும், ஆஸ்திரேலியா 2003 இறுதியிலும், ஐரோப்பிய ஒன்றியம் 2005 முதலும் கல்நாரைத் தடை செய்தன. ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளில் இன்று அது தடைப்பட்டிருக்கிறது. இந்தியாவில் கூரைத் தகடுகளுக்கு அத்தகைய முழுத்தடை வரவில்லை. கல்நாரை இறக்குமதி செய்து தகடுகள் செய்யப்பட்டு வருகின்றன. இதன் விளைவொன்றை வீடு வாங்குவோர் மனத்திற்கொள்ள வேண்டும். பிரிட்டனில் 2000க்குப் பின் கட்டிய வீடு என்றால் பெரும்பாலும் கவலைப்பட வேண்டியதில்லை. நம் ஊரில் கட்டிய ஆண்டு எந்த உறுதியையும் தருவதில்லை. ஐம்பது ஆண்டுக்கு முந்திய கூரையிலும் ஐந்தாண்டுக்கு முன் போட்ட கூரையிலும் கல்நார் இருக்கலாம்.

நுரையீரலில் நிகழ்வது

கல்நார்த் தகட்டை உடைக்கும்போதும் அறுக்கும்போதும் எழும் தூசியில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிழைகள் உள்ளன. அவற்றுள் தீங்கு மிக்கவை ஐந்து மைக்ரானுக்கு மேல் நீளமும் மூன்று மைக்ரானுக்குக் குறைந்த தடிமனும் உடையவை. தலைமுடி ஒன்றன் தடிமன் சற்றேறக்குறைய எழுபது மைக்ரான் என்றால், இவற்றின் நுண்மையை ஊகிக்கலாம். இவற்றுக்கு மணம் இல்லை. சுவாசித்தவுடன் மூச்சுத்திணறலோ எரிச்சலோ தோன்றுவதும் இல்லை. இதனால்தான் தூசிக்கு நடுவே வேலை செய்பவர் தமக்கு ஒன்றும் நேரவில்லை என்று எண்ணுகிறார்.

மூச்சுடன் நுரையீரலின் ஆழத்தை அடைந்த இழைகளை நம் உடலின் காவல் அணுக்கள் விழுங்கி அகற்ற முயல்கின்றன. நீண்ட இழையை அவற்றால் முழுமையாக விழுங்க முடிவதில்லை. முயன்ற அணு சிதைகிறது, அழற்சி உண்டாகிறது, மற்றோர் அணு வருகிறது, அதுவும் சிதைகிறது. பல்லாண்டுகள் நீடிக்கும் இந்த அழற்சியின் விளைவாக நான்கு வகைக் கேடுகள் நேரலாம்.

முதலாவது, நுரையீரலைப் போர்த்திய உறையில் தோன்றும் தடிப்புகள். இவை பெரும்பாலும் தொல்லை தருவதில்லை, புற்றுநோயும் அல்ல. முன்பு கல்நார்த் தூசி பட்டதற்கான அடையாளமாக அவற்றைக் கொள்ளலாம். இரண்டாவது 'ஆஸ்பெஸ்டோசிஸ்' என்னும் நுரையீரல் இறுக்கம். நுரையீரல் தழும்பேறி விரியாமற்போவதால் மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்கும். வறட்டு இருமல் தொடரும். நெடுநாள் மிகுதியான தூசியில் உழைத்தவருக்கே இது வருகிறது. மூன்றாவது நுரையீரல் புற்றுநோய். நான்காவது 'மீசோதீலியோமா' எனப்படும் நுரையீரல் உறையின் புற்றுநோய். சிலருக்கு வயிற்று உறையிலும் வரும். தூசி பட்டதற்கும் இந்நான்காவது நோய் வெளிப்படுவதற்கும் இடையே பொதுவாக முப்பது, நாற்பது ஆண்டுகள் கழிகின்றன. இருபத்தைந்து வயதில் உடைத்த கூரையின் விளைவு அறுபது வயதில் தெரியவரலாம்.

புகைபிடிப்பவருக்கு ஒரு தனி எச்சரிக்கை. அமெரிக்கக் காப்புறைத் தொழிலாளர்களைப் பற்றி 1979இல் வெளியான புகழ்பெற்ற ஆய்வு ஒன்றில், இரண்டு கேடும் இல்லாதவரோடு ஒப்பிட்டால், கல்நார் மட்டும் பட்டவருக்கு நுரையீரல் புற்றுநோயால் இறக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 5 மடங்காகவும், புகை மட்டும் பிடித்தவருக்கு 11 மடங்காகவும், இரண்டும் சேர்ந்தவருக்கு 50 மடங்குக்கு மேலாகவும் இருந்தது. பட்ட கல்நாரை எவராலும் வெளியே எடுக்க முடியாது. புகையை இன்றே நிறுத்த முடியும்.

கூரையின் கீழ் வசிப்பதே ஆபத்தா?

கேடு இழையின் அளவைப் பொறுத்தது. எவ்வளவு இழை, எத்தனை நாள், எவ்வளவு அருகில் என்ற மூன்றும் கூடித்தான் ஆபத்தை நிர்ணயிக்கின்றன. முழுமையாகவும் உறுதியாகவும் உள்ள தகட்டில் நார்கள் சிமெண்டில் பிணைந்து கிடக்கின்றன. தாமாகப் பறந்து வருவதில்லை. புற்றுநோயைப் பொறுத்தவரை 'இதற்குக் கீழே முற்றிலும் பாதுகாப்பு' என்று ஓர் எல்லையை வகுக்க முடியவில்லை என்பது உண்மை. எனினும் அளவு குறையக் குறைய ஆபத்தும் குறைகிறது. உடையாத கூரையின் கீழ் வசித்தவருக்கு உள்ள ஆபத்து மிகச் சிறியது. அவ்வாறு வசித்தவர்கள் இருமல், மூச்சுத்திணறல் ஏதுமின்றி எக்ஸ்-ரே, சி.டி. ஸ்கேன் என அலைய வேண்டியதில்லை.

ஆனால் சிறிதளவு என்று எண்ணிய தொடர்பும் பொருட்படுத்தத் தக்கது என்பதை இரண்டு பழைய ஆய்வுகள் காட்டின. தென்னாப்பிரிக்காவின் நீலக்கல்நார்ச் சுரங்கப் பகுதியில் மீசோதீலியோமா கண்ட 33 பேரைப் பற்றி மருத்துவர் வாக்னரும் அவருடைய துணைவர்களும் 1960இல் எழுதினர். அவர்களுள் சுரங்கத்தில் வேலையே செய்யாமல் அதன் அருகில் வாழ்ந்தவர்களும் இருந்தனர். 1965இல் லண்டன் மருத்துவமனை ஒன்றன் 76 நோயாளிகளை ஆராய்ந்தபோது, அவர்களுள் 9 பேர் கல்நார்த் தொழிலாளியோடு ஒரே வீட்டில் வாழ்ந்தவர்கள் என்று தெரிந்தது. வேலைக்குச் சென்றவரின் தூசி படிந்த உடையைத் துவைத்த மனைவிக்கு அந்நோய் வந்திருந்தது. ஆகவே கூரை வேலை செய்த உடையை உதறாமல், வீட்டுத் துணிகளோடு சேர்க்காமல், நனைத்துத் தனியாகத் துவைக்க வேண்டும் என்பது வெறும் சம்பிரதாயம் அன்று.

கூரைநீரைக் குறித்தும் கேட்கின்றனர். கல்நார் இழை குடிநீர் வழியே வயிற்றுக்குள் செல்வதால் தீங்கு நேரும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் கருதுகிறது. ஆகவே குடிநீருக்கு வரம்பு ஏதும் அது விதிக்கவில்லை. எனினும் அரித்துப்போன கூரையிலிருந்து வழியும் நீரைக் குடிக்கவும் சமைக்கவும் தவிர்த்து, தோட்டத்துக்கு விடுவது நல்லது.

வீடு வாங்கும் முன்

எங்கெங்கே இருக்கக்கூடும் என்று முதலில் ஒரு பட்டியல் எழுதிக்கொள்ளுங்கள். மாடியறை, வாகனக் கொட்டகை, மாட்டுத் தொழுவம், குளியலறைக் கூரை ஆகியவை கண்ணில் படுபவை. சுவரோரம் மேலேறும் சாம்பல் நிறச் சிமெண்ட் குழாய், சமையலறைப் புகைப்போக்கி, பழைய நீர்த்தொட்டி, அறைத்தடுப்புப் பலகை ஆகியவை எளிதில் கண்ணுக்குத் தப்புபவை. கொல்லைப்புறத்தையும் பாருங்கள். பழைய தகட்டின் துண்டுகளைச் சாக்கடை மூடியாகவும் நடைபாதையாகவும் போட்டிருப்பது வழக்கம். நாள்தோறும் மிதிபடும் அத்துண்டுகள், மேலே கிடக்கும் முழுத் தகட்டைக் காட்டிலும் கவனத்துக்குரியவை.

அடுத்து, நிலையைப் பாருங்கள். விரிசல், உடைந்த விளிம்பு, பாசி அரித்து மேற்பரப்பில் நார் தெரிதல், ஆணியடித்த துளைகள் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். பார்வையிட ஏணியில் ஏறலாம். கூரையின் மேல் கால் வைக்கலாகாது.

கல்நார் கலவாத நாரிழைச் சிமெண்ட் தகடுகளும் சந்தையில் உள்ளன. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஐயம் தீர வேண்டுமாயின், இச்சோதனையைச் செய்யும் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் சிறு துண்டைக் கொடுத்து நுண்ணோக்கியால் சோதிக்கச் செய்யலாம். உதிர்ந்து கிடக்கும் துண்டு ஒன்றை நனைத்து, உறையிலிட்டுக் கொடுத்தால் போதும். அதற்காகத் தகட்டை உடைக்க வேண்டாம். சோதிக்க வசதி இல்லையென்றால் கல்நார் உள்ளது என்றே கொண்டு நடப்பது பாதுகாப்பு.

பேரத்தின்போது ஒன்றை மறவாதீர்கள். 'ஒப்படைக்கும் முன் கூரையை அகற்றித் தருகிறேன்' என்று விற்பவர் கூறினால், உடைக்காமல் கழற்றித் தர வேண்டும் என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதுங்கள். அவசரத்தில் கடப்பாரையால் தட்டி நொறுக்கிய கூரையின் தூசி தரையிலும் சுவரிலும் மண்ணிலும் தங்கி, நீங்கள் குடியேறும் வீட்டிலேயே காத்திருக்கும். முறையாகக் கழற்றும் செலவை விலையில் குறைத்துக்கொண்டு, நீங்களே மேற்பார்வையிட்டுச் செய்வது மேலானது.

பழுதுபார்க்கும்போது

உறுதியாக உள்ள கூரையைத் தொடாமல் விடுவதே பல வீடுகளில் சிறந்த வழி. வெயிலின் கொடுமையைக் குறைக்க வெண்ணிறப் பூச்சு அடிக்கலாம். அதற்காகக் கம்பித் தூரிகையால் சுரண்டுவதும், விசைநீரால் பீய்ச்சிக் கழுவுவதும் கூடாது. உட்கூரை அமைப்பதாயின் சட்டத்தைச் சுவரில் பொருத்துங்கள், தகட்டில் துளையிடாதீர்கள். அகற்றியே ஆக வேண்டுமெனில், இவ்வேலையில் பழகியவரைக் கொண்டு பின்வருமாறு செய்யச் சொல்லுங்கள்.

1. தகட்டின் மேல் எவரும் நடக்கலாகாது. கல்நார்த் தகடு மனிதனின் எடையைத் தாங்கும் பொருள் அன்று. தகடு உடைந்து விழுந்து தலையிலும் தண்டுவடத்திலும் அடிபடுவது, முப்பது ஆண்டு காத்திராமல் அந்நொடியே நேரும் ஆபத்து. சாரமும் நடைபலகையும் கட்டாயம் வேண்டும்.

2. வேலை தொடங்கும் முன் தகடுகளை நீரால் நன்றாக நனையுங்கள். சிறிது சோப்புத் திரவம் கலந்தால் நீர் எளிதில் ஊறும். வேலை முடியும்வரை ஈரம் காயக்கூடாது. ஈரத்தில் வழுக்கும் என்பதால் ஏணியையும் சாரத்தையும் இறுகக் கட்டுங்கள்.

3. துருவேறிய ஜே கொக்கிகளை அறுத்தோ கழற்றியோ எடுத்துத் தகட்டை முழுதாக இறக்குங்கள். மேலிருந்து எறிவதும், கட்டிங் மெஷினால் தகட்டை அறுப்பதும், டிரில் போடுவதும் அறவே கூடாது.

4. துண்டும் அறுவை முகக்கவசமும் இந்நுண்ணிழைகளைத் தடுக்கமாட்டா. கொரோனாக் காலத்தில் நாம் அணிந்த என்-95 கவசமும் இதற்குப் போதியதாகக் கருதப்படுவதில்லை. பி-100 அல்லது எஃப்.எஃப்.பி-3 தரத்தில், முகத்தில் இடைவெளியின்றிப் பொருந்தும் கவசம் தேவை. தாடி இருந்தால் கவசம் பொருந்தாது.

5. தரையைத் துடைப்பத்தால் பெருக்காதீர்கள். வீட்டு வேக்குவம் கருவியையும் பயன்படுத்தாதீர்கள். ஈரத்துணியால் துடைத்து, அத்துணியையும் கழிவோடு சேருங்கள்.

6. இறக்கிய தகடுகளைத் தடித்த பாலித்தீன் விரிப்பில் இரு சுற்றாகச் சுற்றி, கல்நார் என்று எழுதி ஒட்டுங்கள். பழைய சாமான் கடைக்கும் மாட்டுக் கொட்டகைக்கும் கொடுப்பது ஆபத்தை மற்றொருவர் வீட்டுக்கு மாற்றுவதாகும். ஏரிக்கரையில் கொட்டுவதும், நொறுக்கி மனை நிரப்புவதும் தவறு. எங்கே ஒப்படைப்பது என்பதை உள்ளாட்சி அலுவலகத்திலும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்திலும் முன்கூட்டியே கேட்டறியுங்கள்.

புயலுக்குப் பின்னும் இதே விதிகள் பொருந்தும். 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டா மாவட்டங்களில் பெருவாரியான கூரைகளைப் பெயர்த்தெறிந்தது. அத்தகைய நாள்களில் உடைந்த துண்டுகளை வெறுங்கையால் குவிப்பதும், குழந்தைகளை விட்டுப் பொறுக்கச் சொல்வதும் இயல்பாக நடக்கின்றன. முதலில் நனைத்து, பிறகு பொறுக்கி, சாக்கில் அன்றிப் பாலித்தீன் பையில் கட்டுங்கள்.

நோயாளி உள்ள வீடுகளில்

ஆஸ்துமா, நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், காசநோய் விட்டுச் சென்ற தழும்பு ஆகியவை உள்ளவர்களுக்குச் சாதாரணச் சிமெண்ட் தூசியே மூச்சுத்திணறலைத் தூண்டப் போதுமானது. கூரை வேலையோ சுவர் இடிப்போ நடக்கும் நாள்களில் அவர்களையும் குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் உறவினர் வீட்டில் தங்கவையுங்கள். வேலை முடிந்து, ஈரத்துணியால் இருமுறை துடைத்த பின்னரே அழைத்து வாருங்கள். உள்ளிழுப்பு மருந்தையும் மாத்திரைகளையும் மறவாமல் உடன் அனுப்புங்கள்.

முன்பே தூசி பட்டவர்களுக்கு

ஒரு நாள், இரு நாள் தூசி பட்டவர் உடனே வந்து சோதனை கேட்பதுண்டு. நுரையீரலில் இழை தங்கியிருக்கிறதா என்று அப்போதே கண்டறியும் இரத்தப் பரிசோதனை இல்லை. எக்ஸ்-ரேயிலும் அப்போது ஒன்றும் தெரியாது. ஓரிரு நாள் தூசியால் நேரக்கூடிய ஆபத்து குறைவே. அந்நாளையும் வேலையின் தன்மையையும் உங்கள் மருத்துவக் குறிப்பேட்டில் எழுதிவைத்தால் போதும்.

பல்லாண்டு உழைத்தவர்களின் நிலை வேறு. கல்நார்த் தகட்டு ஆலை, கப்பல் கட்டும் தளம், கப்பல் உடைக்கும் தளம், அனல்மின் நிலையக் கொதிகலன், பிரேக் பட்டை உற்பத்தி, கூரை அமைத்தல், கட்டட இடிப்பு ஆகியவற்றில் பணியாற்றியவர்கள் அதனை மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். அவர்களுடைய உடைகளைத் துவைத்த குடும்பத்தாரும் சொல்ல வேண்டும். மாடியேறினால் மூச்சு வாங்குதல், மூன்று வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமல், நெஞ்சின் ஒரு பக்கத்தில் விடாத வலி, காரணமின்றி எடை குறைதல், சளியில் இரத்தம் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் தாமதிக்க வேண்டாம்.

நம் நாட்டில் நுரையீரல் உறையில் நீர் கோத்தால் முதலில் காசநோயை ஐயுறுவது சரியே. பெரும்பாலும் காரணம் அதுவாகவே இருக்கும். ஆனால் நோயாளி முப்பது ஆண்டுக்கு முன் கல்நார் ஆலையில் வேலை பார்த்தவர் என்று தெரிந்தால் மருத்துவரின் ஆராய்ச்சி வேறு திசையிலும் செல்லும். காசநோய் மருந்து உண்டும் நீர் மீண்டும் கோத்தால், உறையிலிருந்து சிறு சதைத்துண்டு எடுத்துச் சோதிப்பதைப் பற்றிக் கேளுங்கள். அத்தகவல் எந்த ஸ்கேனிலும் தெரியாது. நோயாளியும் குடும்பத்தாரும் சொன்னால்தான் தெரியும்.

ஆலைத் தொழிலாளர்களுக்கு உரிமைகளும் உண்டு. 1995 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பின்படி, கல்நார்த் தொழிலாளியின் உடல்நலப் பதிவேடுகளை வேலையில் சேர்ந்த நாளிலிருந்து 40 ஆண்டுகள், அல்லது வேலையை விட்டபின் 15 ஆண்டுகள், இவற்றுள் எது பிந்தியதோ அதுவரை நிறுவனம் காக்க வேண்டும். ஆஸ்பெஸ்டோசிஸ் தொழில்சார் நோயாகச் சட்டத்தில் ஏற்கப்பட்டது. இழப்பீடு கோர இடமுண்டு. ஆகவே பழைய பணிச் சான்று, இ.எஸ்.ஐ. அட்டை, சம்பளச் சீட்டு ஆகியவற்றை எறிந்துவிடாதீர்கள்.

அந்த வீட்டை வாங்கலாமா என்று கேட்போருக்கு என் விடை: கல்நார்க் கூரை என்ற ஒரே காரணத்துக்காக நல்ல வீட்டை விட்டுவிட வேண்டியதில்லை. கூரையின் நிலையை முதலில் பாருங்கள்; அகற்றும் செலவைக் கணக்கிடுங்கள்; வேலைக்கு வருபவர்களிடம் அது கல்நார் என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். அவர்கள் நுரையீரலும் நம் நுரையீரலைப் போன்றதே. அடுத்த முறை மருத்துவமனைக்கு வரும்போது, இதுவரை செய்த வேலைகளையும் அவற்றின் ஆண்டுகளையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டு வாருங்கள். சிகிச்சையின் முதற்படி பல சமயம் அத்தாளிலிருந்தே தொடங்குகிறது.